இரண்டு முறை கழித்த நானூறு

கோபாலபுரம் சாவடிக்கு இந்தப் பக்கம்
எடைமேடைக் கூண்டில் எனக்கு வேலை.
தேங்காய் லாரி ஏறும், எண் எரியும், சீட்டுக் கிழிப்பேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே
எங்கள் மேடைக்குக் கணக்குத் தெரியாது.

சுனோஜ் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்தான்.
பைக்கோடு மேடைமேல் நின்றான். இருநூற்றி இருபது.
"சேச்சி, சாதனம் இருக்கா?"
கேட்ட விதத்தில் சாவடிக் காவலர் திரும்பிப் பார்த்தார்.

சாதனம் இதுதான்:
சிப்ஸ் பாக்கெட்டில் வந்த கால்பந்து அட்டை,
பதினோரு வருஷத்துக்கு முந்தியது.
கோல்கீப்பர் ஒபாயா.
அச்சகத்தில் யாரோ படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.
மார்பில் பதின்மூன்று
கண்ணாடியில் பார்த்த மாதிரி நிற்கிறது.
கண்டுபிடித்து நிறுத்தும் முன்னே
நூறோ இருநூறோ வெளியே போனதாம்.
தப்புக்குத்தான் விலை.

"ஆறாயிரத்து ஐநூறு" என்றேன்,
லாரிச் சீட்டைப் பார்த்துக்கொண்டு.
முகத்தைப் பார்த்தால் குரல் இறங்கிவிடும் எனக்கு.

வாட்ச் ரிப்பேர்காரர் லென்ஸ் ஒன்றைக் கண்ணில் செருகி
நாலு மூலையையும் ஒவ்வொன்றாய்
பல் டாக்டர் மாதிரி பார்த்தான்.
"மூவாயிரம்."
"திருச்சூர்ல போன மாசம் ஆறாயிரத்து இருநூறுக்குப் போச்சுங்."
"அதுக்கு நாலு மூலையும் கத்தி, சேச்சி. இது தேஞ்சது."
"தேஞ்சது ஒண்ணுதானுங்."
"ஒண்ணு போதும்."

பொள்ளாச்சிச் சந்தையில் என் சித்தப்பன்
துண்டுக்கடியில் விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை சொல்வார்.
பக்கத்து ஆளுக்குத் தெரியாது. மாட்டுக்கும் தெரியாது.
இங்கே துண்டு இல்லை.
மின்விசிறி கேட்கிறது, ஒபாயா கேட்கிறான்.

மூவாயிரத்து ஐநூறு. ஆறு. நாலு.
ஐந்தே முக்கால் என்றதும்
எழுந்து போய்விட்டான்.
பைக்கை உதைத்தான், உதைத்தான்.
போகிறவன் சாவியைத் திருப்பியிருப்பான்.
நான் டிபன் பாக்ஸைத் திறந்து
ரசஞ்சோறு சாப்பிட ஆரம்பித்தேன்.
மூணாவது வாய்க்குள் திரும்பி வந்தான்,
ஹெல்மெட்டை மறந்துவிட்டானாம்.
"நாலாயிரத்து எண்ணூறு. அவ்வளவுதான்."
சரி என்றேன்.

அவன் நோட்டை எண்ணும்போது
என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.
காலையில்தான் ஒரு லாரிக்காரனிடம்
இருபது கிலோ மாற்றித் தரமாட்டேன் என்று கத்தியிருந்தேன்.
அட்டையை வாங்கி வெயிலில் சாய்த்தேன்.
"பின்னால பாருங். மயிரிழை மடிப்பு.
நேராப் பாத்தாத் தெரியாது. நானூறு கழிச்சுக்குங்."

சுனோஜ் பேசவில்லை.
லென்ஸைத் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.
"கண்டேன் சேச்சி. வந்ததுமே கண்டேன்.
மூவாயிரம்னு தொடங்கினது
அதையும் கழிச்சிட்டுத்தான்."

அப்போது மேஜைமேல் நானூறு ரூபாய் கிடந்தது,
அவனுடையதும் இல்லாமல், என்னுடையதும் இல்லாமல்,
ஒரே மடிப்புக்கு இரண்டு முறை கழித்த பணம்.
நான் அவன் பக்கம் தள்ளினேன். அவன் என் பக்கம்.
அரைமணி நேரம் இழுத்தவர்கள்
இப்போது தள்ளிக்கொண்டிருந்தோம்.
வெளியே இளநீர் லாரி ஹாரன் அடித்தது.

கடைசியில் இருநூறு எனக்கு, இருநூறு அவனுக்கு,
கூடவே அவன் பையிலிருந்து
யாரும் தேடாத ஒரு மாற்று ஆட்டக்காரன்.
பெயர்கூடச் சரியாக அச்சாகவில்லை.
"இதுக்கு விலை இல்ல, சேச்சி."
"இன்னும் இல்ல" என்றேன்.

ரசீது கேட்டான். எடைச் சீட்டைத்தான் கிழித்தேன்.
சரக்கு: அட்டை ஒன்று, மடிப்புடன்.
நிகர எடை என்ற இடத்தில் கோடு போட்டேன்.
போகும்போதும் மேடைமேல் ஏறித்தான் போனான்.
இருநூற்றி இருபது.

பின்னாலேயே இளநீர் ஏறியது.
டிரைவர் இறங்கும் முன்பே சொன்னான்:
"அக்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்."